கறாராகவும் பேசலாம், கனிவாகவும் பேசலாம்

வாசகர் கேள்வி-பதில்: வேலையிடத்து உரசல்கள்

வேலை செய்யும் இடத்தில் வரும் சண்டை சச்சரவுகளைக் கனிவோடு தீர்க்க முடியுமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

நான் உட்கார்ந்து தயாரிக்கிற அறிக்கையை மீட்டிங்கில் என் சக ஊழியர் தான் செய்ததுபோலப் பேசிவிடுகிறார். மூன்று முறை ஆகிவிட்டது. சண்டை போட எனக்குப் பிடிக்காது. சிரித்துக்கொண்டே இருந்தால் இளிச்சவாய் ஆகிவிடுகிறேன். இதைக் கனிவாகவே கேட்க முடியுமா?
– வாசகி, திட்டமிடல் பிரிவு

முடியும். ஆனால் மூன்று முறை விட்டதால் பேச்சு கொஞ்சம் கடினமாகிவிட்டது. முதல் தடவையே கேட்டிருந்தால் அது வெறும் திருத்தம். நாலாவது தடவை கேட்டால் பழைய கணக்கைத் தீர்க்க வந்ததுபோல் இருக்கும். கனிவு என்றால் வாயை மூடிக்கொண்டு விழுங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். விழுங்கியது ஒரு நாள் ஜாடைப் பேச்சாக வெளியே வரும். அது நேரடிச் சண்டையைவிட மோசம். சொல்ல வேண்டியதைச் சீக்கிரமாக, தனியாக, குறிப்பாகச் சொல்வதுதான் எதிராளிக்கு நீங்கள் காட்டும் கனிவு.

பேசுவதற்கு முன்னால் ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் ஒன்றைச் செய்தால், அவருடைய சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தையே காரணமாக்குவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். காரணம் கற்பிப்பதில் நாம் செய்யும் அடிப்படைப் பிழை என்று 1977-ல் உளவியலாளர் லீ ராஸ் இதற்குப் பெயரிட்டார். மேனேஜர் அவரைப் பார்த்துக் கேட்டதால் அவர் பதில் சொன்னாரா, அல்லது ‘நான் தொகுத்தேன்’ என்றே சொன்னாரா? இரண்டும் ஒன்றல்ல. நினைவில் இருக்கும் சொற்களை அப்படியே எழுதுங்கள்.

பிறகு ஒரு தாளில் மூன்று வரி: நடந்தது, அதனால் விளைந்தது, உங்களுக்கு வேண்டியது. வன்முறையற்ற உரையாடல் என்ற முறையை உருவாக்கிய மார்ஷல் ரோசன்பெர்க் இதை நான்கு படியாகச் சொல்வார்: கண்டது, உணர்ந்தது, தேவை, வேண்டுகோள். அலுவலகத்தில் ‘உணர்ந்தது’ ஒரு சொல்லோடு நின்றால் போதும். அதற்கு மேல் நீண்டால் எதிரில் இருப்பவர் விஷயத்தை விட்டுவிட்டு உங்களைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவார்.

பேச்சு இப்படி இருக்கலாம்: “செவ்வாய்க்கிழமை மீட்டிங்ல காலாண்டு அறிக்கையைக் காட்டறப்போ ‘நான் தொகுத்தது’ன்னு சொன்னீங்க. அந்த அட்டவணை எல்லாம் நான் போட்டது. அடுத்த திட்டத்துக்கு ஆள் எடுக்கறப்போ மேனேஜர் இதைத்தான் பார்ப்பார், அதான் கவலையா இருக்கு. அடுத்த தடவை அந்தப் பகுதியை நானே காட்டட்டுமா?” இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்து, பத்து விநாடி மௌனம் வரும். அது தாங்கமுடியாமல் “பரவாயில்லை, பெரிய விஷயமில்லை” என்று நீங்களே நிரப்பினால் சொன்னது அத்தனையும் வீண்.

நேரமும் இடமும் முக்கியம். நடந்து ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம். இரண்டு நாளைத் தாண்டவும் வேண்டாம். வார விடுமுறைக்கு முந்தைய மாலை கிளம்பும் நேரத்தில் சொன்னால், அவர் அதை இரண்டு நாள் தனியாக மென்றுகொண்டிருப்பார். அவருடைய மேஜைக்கே போய், பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஆரம்பிக்கவே கூடாது.

‘எப்பவும்’, ‘ஒவ்வொரு தடவையும்’ என்று ஆரம்பிப்பது பலர் சறுக்கும் இடம். அப்படி நடக்காத ஒரே ஒரு நாளை அவர் தேடி எடுப்பார், அதோடு பேச்சு அந்தச் சொல்லைப் பற்றியதாகிவிடும். ‘எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க’ என்று இல்லாதவர்களைச் சாட்சிக்கு இழுப்பதும் அப்படித்தான். யார் யார் என்று கேட்பார், பதில் சொல்ல உங்களால் முடியாது. பாராட்டு, குறை, மறுபடி பாராட்டு என்று நடுவில் வைத்துக் கொடுக்கும் முறையைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். எங்களுக்கு அதில் நம்பிக்கையில்லை. கேட்பவருக்குக் குறை காதில் விழாது, அல்லது அடுத்த முறை நீங்கள் பாராட்டினாலே ‘என்ன வரப்போகுதோ’ என்று பயப்படுவார்.

அவர் மறுத்தால் வழக்காட வேண்டாம். “சரி, எனக்கு அப்படிப் பட்டுச்சு. அடுத்த தடவை எப்படிச் செய்யலாம்னு பேசிக்குவோம்” என்று முன்னே நகருங்கள். அவர் ஒப்புக்கொள்வது உங்களுக்குத் தேவையில்லை, அடுத்த மீட்டிங் மாறினால் போதும். ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும் என்று நின்றதால் கெட்டுப்போன பேச்சுகள்தான் அதிகம்.

இதோடு ஒரு சின்ன ஏற்பாடும் செய்யுங்கள். அறிக்கையின் முதல் பக்கத்தில் தயாரித்தவர் பெயர் இருக்கட்டும். மீட்டிங்குக்கு முந்தின நாள் உங்கள் மெயிலிலிருந்தே எல்லோருக்கும் போகட்டும். இதைப் பழிவாங்கலாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. அவருக்கும் தடுமாற வாய்ப்புக் குறையும்.

என் மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கத்துகிறார். கனிவு, பொறுமை என்று படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர் கத்தும்போது எனக்குக் கை நடுங்குகிறது. அந்த நிமிடத்தில் என்ன செய்வது?
– வாசகர், உற்பத்திப் பிரிவு மேற்பார்வையாளர்

கை நடுங்குகிற நேரத்தில் நல்ல வாக்கியம் எதுவும் தோன்றாது. அதனால் ஒன்றே ஒன்றை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வையுங்கள்: “புரியுது சார். விவரத்தை எடுத்துக்கிட்டுப் பத்து நிமிஷத்துல உங்க ரூமுக்கு வர்றேன்.” அவர் சொன்னது உங்களுக்கு எட்டிவிட்டது, பதில் வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அதைவிட முக்கியம், பேச்சு கூட்டத்தை விட்டு அறைக்குப் போகிறது. பார்க்க ஆள் இருக்கும்வரை இறங்கி வர அவராலும் முடியாது, உங்களாலும் முடியாது.

வாயைத் திறக்கும் முன் ஒரு மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். குரல் அவருடையதைவிட ஒரு படி கீழே, கொஞ்சம் மெதுவாக இருக்கட்டும். ரொம்பவும் தணித்தால் நக்கல் செய்வதாகப் படும். “கத்தாதீங்க”, “கொஞ்சம் அமைதியா இருங்க” இரண்டும் கோபத்தில் இருப்பவர் காதில் கட்டளையாகத்தான் விழும்.

அறைக்குள் போனதும் முதலில் விஷயம், பிறகுதான் விதம். இந்த வரிசை மாறக்கூடாது. தவறு எங்கே, எத்தனை மணிக்குள் சரியாகும் என்பதைச் சொல்லி முடியுங்கள். அதற்குப் பிறகு: “ஒண்ணு கேக்கணும் சார். தப்பைச் சொல்லுங்க, திருத்திக்கறேன். லைன்ல இருக்கிற ஆளுங்க முன்னாடி சொன்னா நாளைக்கு நான் சொல்ற வேலையை அவங்க மதிக்க மாட்டாங்க. என்னைக் கூப்பிட்டுத் தனியாச் சொல்லுங்க.” விதத்தை முதலில் எடுத்தால் அது தவறுக்குச் சாக்காகக் கேட்கும். இங்கே உங்கள் மனவருத்தத்தைவிட வேலைக்கு வரும் நஷ்டத்தை முன்னே வைத்திருப்பதைக் கவனியுங்கள். அந்த நஷ்டம் அவருக்கும் உண்டு.

இடையில், கத்துகிற அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு செய்தி. மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து ஏமி எட்மண்ட்சன் 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல தலைமை இருந்த பிரிவுகளில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே இருந்தவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். கத்துகிறவரிடம் தவறு வராமல் இருப்பதில்லை, தாமதமாக வந்து சேரும்.

இரண்டு முறை தனியாகப் பேசிய பிறகும் தொடர்ந்தால் அது அன்றைய கோபம் அல்ல, அவருடைய பழக்கம். தேதி, நேரம், சொன்ன சொற்கள், அருகில் இருந்தவர்கள் என்று அன்றன்றே குறித்து வையுங்கள். பிறகு எச்.ஆரிடமோ அவருக்கு மேலே இருப்பவரிடமோ போங்கள். அந்தக் குறிப்பில் ‘அகங்காரம் பிடித்தவர்’ போன்ற உங்கள் கருத்து ஒன்றுகூட இருக்கக்கூடாது. நடந்தது மட்டும் இருந்தால்தான் எடுபடும்.

எங்கள் பிரிவு வாட்ஸ்அப் குழுவிலும் மெயிலிலும்தான் சண்டையே ஆரம்பிக்கிறது. நேரில் எல்லோரும் நல்லவர்கள். ஏன் இப்படி?
– வாசகர், வாடிக்கையாளர் சேவை

எழுத்தில் தொனி போய்ச் சேர்வதில்லை, சேர்ந்துவிட்டதாக எழுதியவர் நம்புகிறார். ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் அனுப்பச் சொன்னார்கள். 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தார்கள். குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். மெயிலில் படித்தவர்கள் 56 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலே 50 கிடைத்திருக்கும்.

எனவே ஒரு விஷயத்துக்கு இரண்டு பதில் போய்வந்தும் முடியவில்லை என்றால் மூன்றாவதை எழுதாமல் போனை எடுங்கள். பேசி முடித்ததும் “இப்போது பேசியபடி, நான் இதைச் செய்கிறேன், நீங்கள் அதை வியாழனுக்குள் அனுப்புகிறீர்கள்” என்று இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள். குழுவில் ஒருவர் பாய்ந்தால் அங்கேயே மல்லுக்கு நிற்காமல், “இதை நேர்ல பேசிட்டு முடிவை இங்கே போடறேன்” என்று எழுதுங்கள். முடிவை மறக்காமல் போடுங்கள். பேச்சின் நடுவே மேலதிகாரியை சிசியில் சேர்ப்பது எதிராளியின் சட்டையைப் பிடிப்பதற்குச் சமம். அவசியமானால், “மேனேஜருக்கும் தெரியட்டும், சேர்க்கிறேன்” என்று முன்பே சொல்லிவிட்டுச் சேருங்கள்.

கோபத்தில் எழுதும்போது பெறுநர் முகவரியைக் காலியாக விட்டுவிட்டு எழுதுங்கள். பிறகு உங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒருவர் குரலில் அதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘முன்பே சொன்னபடி’, ‘தயவுசெய்து மெயிலைச் சரியாகப் படிக்கவும்’, தனியாக நிற்கும் ஒரு கேள்விக்குறி — குத்துகிற இடம் எதுவென்று உடனே தெரியும்.

என் டீமில் ஆர்டர் விவரம் அனுப்புபவருக்கும் பில் போடுபவருக்கும் தீராத சண்டை. ‘மூணு மணிக்குள்ள வேணும்’ என்கிறார் இவர், ‘அஞ்சுக்கு முன்னாடி முடியாது’ என்கிறார் அவர். நாலு மணி என்று தீர்ப்புச் சொன்னேன். இப்போது இரண்டு பேருக்குமே என்மேல் கோபம். நான் யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லையே!
– வாசகி, டீம் லீடர்

பாரபட்சம் இல்லைதான். ஆனால் நாலு மணி இரண்டு பேருக்குமே பயன்படாத நேரம். நடுவில் வெட்டுவது நியாயம்போலத் தோன்றும். கேட்டது கிடைக்காத ஆள் ஒருவருக்குப் பதில் இருவர் ஆகியிருப்பார்கள்.

நிர்வாகவியலின் முன்னோடிகளில் ஒருவரான மேரி பார்க்கர் ஃபாலெட் 1925-ல் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். மோதலைத் தீர்க்க மூன்று வழி: ஒருவர் ஜெயிப்பது, இருவரும் விட்டுக்கொடுப்பது, இருவரின் தேவையையும் ஒன்றாகப் பொருத்துவது. அவர் சொன்ன உதாரணம் எளிமையானது. நூலகத்தின் சின்ன அறை ஒன்றில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இன்னொருவருக்கு மூடியிருக்க வேண்டும். அடுத்த அறையில் ஆள் இல்லை. அங்கே ஜன்னலைத் திறந்தார்கள். ஒருவருக்குத் தேவைப்பட்டது காற்று. மற்றவருக்கு வாடைக்காற்று நேராக மேலே படக்கூடாது, அவ்வளவுதான். ஜன்னல் பாதி திறந்திருந்தால் இருவரும் முனகிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரே நாளில் இருவரையும் தனித்தனியே 20 நிமிடம் பாருங்கள். ஒருவரிடம் திங்கள், மற்றவரிடம் புதன் என்று வைத்தால் முதலில் பேசியவர் கதைதான் உங்கள் தலையில் நிற்கும். இருவரிடமும் ஒரே கேள்விகள்: “மூணு மணிக்குக் கிடைச்சா என்ன பண்ணுவீங்க? கிடைக்கலேன்னா என்ன ஆகும்? மற்றவருக்கு இதுல என்ன கஷ்டம்னு நினைக்கறீங்க?” கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் திணறுவார்கள், அந்தத் திணறலே பாதி வேலையைச் செய்துவிடும். அவர் சொன்னதில் எதை மற்றவரிடம் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு, பில்லில் கையெழுத்துப் போடுபவர் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவதால்தான் மூன்று மணி என்று பில் போடுபவர் சொல்வதாகத் தெரியவரலாம். கடைசி ஆர்டர்கள் நாலரைக்குத்தான் வருவதால் மற்றவர் ஐந்து என்கிறார். அப்படியானால் சண்டை மணியைப் பற்றியதே இல்லை. இரண்டரைக்குள் தயாரானவை அன்றே ஒரு கட்டாகப் போகலாம், மிச்சம் மறுநாள் காலை முதல் வேலையாகப் போகலாம். இந்த வழியை நீங்கள் சொல்லாதீர்கள். இரண்டு காரணத்தையும் வெள்ளைப் பலகையில் எழுதிப்போட்டு, அவர்கள் வாயிலிருந்து வரவிடுங்கள்.

சேர்ந்து உட்காரும் பேச்சுக்கு 45 நிமிடம் போதும். எதிரெதிரே உட்கார வைக்காமல், இருவரும் பலகையைப் பார்த்தபடி ஒரே பக்கம் உட்காரட்டும். ஒரே ஒரு விதி: மற்றவர் சொன்னதை அவர் ‘ஆமாம், அதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகே பதில் சொல்லலாம். முதல் பத்து நிமிடம் இழுவையாக இருக்கும், விடாதீர்கள். இதற்கு முன் யாராவது வார்த்தையை விட்டிருந்தால் அதை முதலிலேயே எடுத்துத் தீர்த்துவிடுங்கள். அது மனதில் கிடக்கும்போது மணிக்கணக்கு எடுபடாது.

முடிவை ‘இனிமேல் இப்படித்தான்’ என்று அறிவிக்காமல், இரண்டு வாரச் சோதனை என்று எழுதி, மறுபடி பார்க்கும் தேதியையும் போடுங்கள். சோதனை என்றால் ஒப்புக்கொள்வது எளிது, தோற்றாலும் யாருக்கும் மானம் போகாது. அந்தத் தேதியில் நீங்கள் கூப்பிடாமல் விட்டால் மட்டும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

நான் யார் கேட்டாலும் உதவுவேன். இப்போது என் தலையில் மூன்று பேர் வேலை. கனிவின் பலன் இதுதானா?
– வாசகர், கணக்குப் பிரிவு

மறுக்கத் தெரியாததைக் கனிவு என்று சொல்லிக்கொள்கிறோம். உள்ளுக்குள் கறுவிக்கொண்டே செய்யும் உதவியில் கனிவு எங்கே இருக்கிறது?

மறுக்கும்போது முடிவை முதலில் சொல்லுங்கள், காரணம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: “இன்னிக்கு என்னால முடியாது. மாசக் கடைசிக் கணக்கு முடிக்கணும்.” மூன்று காரணம் சொன்னால் மூன்றுக்கும் அவர் வழி சொல்வார். முகத்துக்கு நேரே சொல்ல வராது என்றால், “பாத்துட்டு ஒரு மணி நேரத்துல சொல்றேன்” என்று அவகாசம் வாங்குங்கள். ஒரு மணி நேரத்தில் கட்டாயம் சொல்லுங்கள். இழுத்தடித்தால் அவர் வேறு ஆளைப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். கேட்பது மேலதிகாரி என்றால் பட்டியலை அவர் முன்னால் வைத்து, “இது இன்னிக்கு வேணும்னா இந்த ரெண்டுல எதைத் தள்ளி வைக்கலாம் சார்?” என்று கேளுங்கள். தேர்வு அவருடையதாகட்டும்.

தவறு என்மேல்தான். மன்னிப்புக் கேட்டேன், ஆனாலும் அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.
– வாசகி, வரவேற்புப் பிரிவு

எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதவில்லை. ‘உங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க’ என்பது மன்னிப்பே இல்லை. புண்பட்டது அவர் குறை என்று ஆகிறது. ‘ஆனா அன்னிக்கு எனக்கு வேலை நெருக்கடி’ என்று ‘ஆனா’ வந்தால் முன்னால் சொன்னது அழிந்துவிடும். செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள், அதனால் அவருக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள், எதை மாற்றுவீர்கள் என்று சொல்லுங்கள்: “விருந்தாளி முன்னாடி உங்களைத் தடுத்துப் பேசினேன். உங்களுக்குத் தெரியாதுன்னு அவங்க நினைச்சிருப்பாங்க. அது தப்பு, மன்னிச்சிடுங்க. இனிமே அவங்க போனப்புறம்தான் சொல்வேன்.” எல்லோர் முன்னால் நடந்தது என்றால் மன்னிப்பின் ஒரு வரியாவது அவர்கள் முன்னாலும் வரவேண்டும்.

சரியாகக் கேட்ட பிறகும் பேசவில்லை என்றால் மறுபடி மறுபடி கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். தினமும் ஒரு வணக்கம், வேலைத் தகவலில் ஒரு குறையும் வைக்காமல் இருப்பது, அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி நல்லபடியாகப் பேசுவது. பழைய நட்பு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. வேலை தடையில்லாமல் நடந்தால் அதையே போதும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் கனிவாகவே தீர்க்க முடியுமா?
– வாசகர், பெயரும் பிரிவும் வேண்டாம் என்றவர்

முடியாது. பாலியல் தொல்லை, மிரட்டல், சாதி மத நிற இழிவு, பணக் கையாடல், உயிருக்கு ஆபத்தான பாதுகாப்பு மீறல் — இவற்றில் ‘நேரில் பேசிப் பார்’ என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். இவை கருத்து வேறுபாடுகள் அல்ல. பாதிக்கப்பட்டவரையும் செய்தவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமரசம் பேசுவது பாதிக்கப்பட்டவருக்கு இரண்டாவது அடி. செய்திகளையும் மெயில்களையும் அழிக்காமல் வையுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள், நிறுவனத்தின் புகார்க் குழுவுக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கான ஒப்புகை வாங்குங்கள். அங்கே அசைவில்லை என்றால் சட்டப்படி வெளியே இருக்கும் அமைப்பை நாடுங்கள். புகார்க் கடிதத்தில் வசைச் சொல் வேண்டாம்; தேதியும் சம்பவமும் இருந்தால் போதும்.